ஊர்மன்றில் ஒலிக்க வேண்டிய மொழி

(ஒரகடத்தில் கூடிய தமிழன்பர்களிடையே ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வண்டலூரிலிருந்து வாலாசாபாத்துக்குச் செல்லும் பெருவழியும், சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து திருப்பெரும்புதூருக்குச் செல்லும் பெருவழியும் ஒன்றையொன்று வெட்டும் இடம் ஒரகடம். இங்கு வந்து இறங்குவோர் கண்ணில் முதற்கண் படுவன தொழிலகங்களின் நெடுவாயில்கள். 2010 ஆம் ஆண்டில் இரெனோ-நிசான் மகிழுந்துகளும், 2012 ஆம் ஆண்டில் தெய்ம்லர் சரக்குந்துகளும், 2013 ஆம் ஆண்டில் இராயல் என்பீல்டு வண்டிகளும் இம்மண்ணில் உருப்பெறத் தொடங்கின. நெல் விளைந்த நிலத்தில் இன்று இரும்பு விளைகிறது. அவ்விளைவு வேண்டா என்று அறிவுடையோர் எவரும் கூறார். ஆயின், அந்நெடுவாயில்களுக்கிடையே, எளிய கட்டடமொன்று எவர் கண்ணையும் கவராமல் நிற்கிறதே, அதனை நின்று நோக்குவோர் எத்தனை பேர்? அதுதான் ஊராட்சி அலுவலகம். தொழிலகத்துக்கு உரிமையாளர் கடல்கடந்தும் இருப்பர். ஊருக்கு உரிமையாளர் ஊரில்தான் இருக்கின்றனர். அவ்வுரிமை பேசப்படும் இடம் ஊர்மன்றம். அம்மன்றில் என்ன பேசப்படுகிறது, எம்மொழியில் பேசப்படுகிறது, பேசியது யாருக்கு விளங்குகிறது என்பனவே இவ்வுரையின் பொருள்.

ஊர் கூடிப் பேசும் முறையை ஆங்கிலேயர் கொண்டுவந்து கொடுத்தனர் என்று இன்னும் நம்புவோர் உளர். 1688 ஆம் ஆண்டில் சென்னையில் மாநகராட்சி அமைக்கப்பட்டதும், 1882 ஆம் ஆண்டில் இரிப்பன் பெருமகனார் உள்ளாட்சிக்கு வழிவகுத்ததும் மெய்யே. ஆனால் தமிழ்நிலத்தின் மன்றங்கள் அவற்றினும் மிகப் பழையவை. அகநானூற்றின் 77 ஆம் பாட்டைப் பாடிய மருதனிளநாகனார், பாலைநிலத்தில் மாண்டு கிடப்போரின் குடரைப் பருந்து பிடுங்கி இழுக்கும் காட்சிக்கு ஓர் உவமை கூறுகிறார். கயிற்றால் கட்டிப் பொறியிட்ட குடத்தைத் திறந்து, உள்ளிருக்கும் ஓலைகளை அதற்குரியோர் வெளியே எடுப்பதே அவ்வுவமை. புலவர் உவமையாக எடுப்பது, கேட்போர் அனைவரும் முன்னரே அறிந்த ஒன்றைத்தான். அறியாத ஒன்றைக் கொண்டு அறிந்ததை விளக்குவார் இல்லை. ஆகவே, குடத்தில் ஓலையிட்டு எடுக்கும் வழக்கம் கழகக் காலத்துத் தமிழர்க்கு அன்றாடக் காட்சியாக இருந்தது என்பது அப்பாட்டால் தெளிவாகும். திருவள்ளுவப் பெருந்தகையும் அவையறிதல், அவையஞ்சாமை என்னும் ஈர் அதிகாரங்களை மன்றிற் பேசுவார்க்கென்றே வகுத்தார். அவையில்லாத நாட்டில் அவைக்கு இலக்கணம் பிறக்குமா?

இனி, கல்லில் எழுதிய சான்றுக்கு வருவோம். ஒரகடம் அமைந்த இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் உளது. அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழனின் 12 ஆம், 14 ஆம் ஆட்சியாண்டுகளுக்குரிய, அதாவது கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளுக்குரிய இரு கல்வெட்டுகள் உள. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. குடும்பு என்பது இன்று 'வார்டு' என்று வழங்கும் ஊர்ப்பகுதியே. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலைகளில் எழுதிக் கட்டிக் குடத்திலிட்டனர். ஊரார் அனைவரும் கூடியிருக்க, ஏதும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலையை எடுப்பித்தனர். அதனை நடுவன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் ஏந்தி வாங்கி, உரக்கப் படிக்கவேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலையை மறைத்துவைத்து மாற்றிவிடக் கூடாது என்பதற்காகவே விரல்களை விரிக்கச் செய்தனர். பதினோரு நூற்றாண்டுகளுக்கு முன்பே வாக்குக் கள்ளத்தை எண்ணிப் பார்த்து, அதற்குத் தடையும் கண்ட நுட்பம் இது!

அவ்வாறு தேர்ந்த முப்பதின்மருள் பன்னிருவர் ஆண்டு வாரியமும், பன்னிருவர் தோட்ட வாரியமும், அறுவர் ஏரி வாரியமும் ஆயினர். பொன் வாரியமும் பஞ்சவார வாரியமும் தனித்தனியே குடவோலையால் அமைக்கப்பட்டன. வாரியத்தின் காலம் 360 நாள். முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வுக்கு வரவியலாது. அவர் மட்டுமல்லர், அவர்தம் நெருங்கிய உறவினரும் வரவியலாது. மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தார்க்கும் இடமில்லை. பொறுப்பிலிருக்கும்போதே குற்றம் வெளிப்பட்டால் அப்போதே நீக்கம். ஏரிக்கென்று தனி வாரியம் வைத்த அவ்வறிவை, ஏரிகளின் மேல் ஊர்கள் வளரும் இக்காலத்தார் நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தென்பாண்டி நாட்டில், திருநெல்வேலியை அடுத்த மானூரில், இதற்கும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முற்பட்ட கல்வெட்டொன்று உளது. மாறஞ்சடையன் காலத்தது. அவையில் எது கூறப்பட்டாலும் அதற்கெல்லாம் 'அன்று, அன்று' என்று மறுத்து, செயலைக் குலைப்பதையே தொழிலாகக் கொள்வார் ஐந்து காசு தண்டம் இறுக்கவேண்டும் என்று அவ்வூரவை விதித்தது. மன்றத்தில் கூச்சலிட்டுப் பொழுதைக் கொல்வாரைக் காணுந்தோறும் மானூரார் நினைவுக்கு வருவர்!

பெருமக்களே! இத்துணையும் கேட்டுப் பெருமை கொள்வது எளிது. பெருமையோடு நின்றுவிட்டால் அது வரலாறாகாது, வெறும் வாய்ப்பந்தலாகும். உத்திரமேரூர், அரசனால் பார்ப்பனர்க்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊர். ஓலையிற் பெயர் எழுதப்பட வேண்டுமானால், வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், தன் மனையில் கட்டிய வீடும், முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட அகவையும் வேண்டும். அவற்றோடு வடமொழி மறைப் பயிற்சியும் வேண்டும். மறையில் மேலும் தேர்ந்தவராயின் அரைக்கால் வேலி நிலமே போதும் என்று தளர்த்தியும் கொடுத்தனர்! ஏர் பிடித்த உழவர்க்கும், ஏரியில் தூர் எடுத்த தொழிலாளர்க்கும், பெண்டிர்க்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. குடவோலை தமிழ், ஏரி வாரியம் தமிழ், குடும்பு தமிழ். ஆனால் உள்ளே நுழையும் வாயிலில் மட்டும் வடமொழி காவல் நின்றது. மக்கள் பேசிய மொழி வேலைக்கு. மக்கள் அறியாத மொழி ஆளும் தகுதிக்கு. இதுதான் அக்கல்வெட்டுகள் கற்பிக்கும் இரண்டாவது பாடம். முதற்பாடத்தை மேடைதோறும் முழங்குவோர் இரண்டாவதை மறைத்துவிடுகின்றனர்.

மொழி ஒரு வாயிலாகவும் அமையும், வேலியாகவும் அமையும். மன்றின் மொழி மக்கள் மொழியாயின் அது வாயில். மக்களுக்கு விளங்கா மொழியாயின், எத்துணை நல்ல சட்டம் இயற்றினாலும் அது வேலியே.

அவ்வேலியை உடைக்கத் தமிழ் அன்பர்கள் சென்ற நூற்றாண்டில் பெரும்பாடு பட்டனர். பஞ்சாயத்து ஊராட்சியாயிற்று. முனிசிபாலிட்டி நகராட்சியாயிற்று. கார்ப்பரேசன் மாநகராட்சியாயிற்று. கலெக்டர் மாவட்ட ஆட்சியரானார், தாசில்தார் வட்டாட்சியரானார், மந்திரி அமைச்சரானார், காரியதரிசி செயலாளரானார், அபேட்சகர் வேட்பாளரானார். 'இச்சொற்கள் வழக்குக்கு வாரா. மக்களுக்கு விளங்கா' என்று அன்று எள்ளி நகையாடியோர் பலர். இன்று அச்சொற்களே மக்கள் வழக்கு. அபேட்சகர் என்றால்தான் விளங்காது! 1956 ஆம் ஆண்டில் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. 1969 ஆம் ஆண்டில் மாநிலமே தமிழ்நாடு என்னும் தன் பெயரைப் பெற்றது. தனித்தமிழ் என்பது புலவரின் பொழுதுபோக்கன்று. ஆட்சியை மக்கள் கைக்குக் கொண்டுவரும் கருவி என்பதற்கு இவையே சான்று.

ஆனால் வேலி முற்றும் உடைந்ததா? பலகையில் 'ஊராட்சி மன்றம்' என்று எழுதியிருக்கும். உள்ளே சென்றால், 'அசெண்டா' படிப்பார்கள், 'கோரம்' பார்ப்பார்கள், 'ரெசல்யூசன் பாசு' ஆகும், 'மினிட்' எழுதப்படும், 'எசுடிமேட்' வரும், 'டெண்டர்' விடப்படும், 'லே அவுட்டுக்கு அப்ரூவல்' கேட்பார்கள், கம்பெனிக்கு 'என்.ஓ.சி.' கொடுப்பார்கள். பொருள்நிரல், குறைவெண், தீர்மானம், நடவடிக்கைக் குறிப்பு, மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி, மனைப்பிரிவு ஒப்புதல், தடையின்மைச் சான்று என்று இவை ஒவ்வொன்றுக்கும் சொல் இருக்கிறது. அரசின் ஏடுகளிலேயே இருக்கிறது. வாயில்தான் இல்லை.

சொல்லில் என்ன இருக்கிறது என்று வினவுவோர்க்கு ஒன்று கூறலாம். 'என்.ஓ.சி. கொடுத்தாயிற்று' என்று கேட்கும் ஒரு தாய்க்கு, ஏதோ ஒரு தாள் கொடுக்கப்பட்டது என்பது மட்டுமே விளங்கும். 'இவ்விடத்தில் இத்தொழிலகம் வருவதற்கு இவ்வூருக்குத் தடையில்லை என்று எழுதிக் கொடுத்தாயிற்று' என்று கேட்டால், 'யாரைக் கேட்டுத் தடையில்லை என்றீர்கள்?' என்னும் வினா அவள் நாவில் தானே பிறக்கும். அவ்வினா பிறக்காமல் இருக்கவேண்டும் என்று விரும்புவோர்க்கே அயற்சொல் வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பொறுப்புகளில் பாதி பெண்டிர்க்கு என்று 2016 ஆம் ஆண்டில் சட்டம் வகுக்கப்பட்டது. நாற்காலி அவர்களுக்கு, ஏட்டின் மொழி மட்டும் அவர்களுக்கு அயல். நாற்காலியில் அமர்ந்தவர் கையொப்பமிட, அருகில் நிற்கும் ஆண்மகன் பொருள் சொல்கிறான் என்னும் நிலை எங்கெல்லாம் உளதோ, அங்கெல்லாம் உத்திரமேரூரின் பழைய வேலி புதிய உருவில் நிற்கிறது என்று பொருள்.

1994 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரையும் ஊரவையின் உறுப்பினராக்கியது. இங்கே குடவோலை இல்லை. கால் வேலி நிலம் கேட்பார் இல்லை. மறை கேட்பார் இல்லை. 'கிராம சபை' என்று வழங்கும் இவ்வூரவை சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கூடவேண்டும். இவற்றுள் தண்ணீர் நாளும் உள்ளாட்சி நாளும் 2022 ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டவை. ஊராட்சியின் வரவுசெலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருதல், தணிக்கை அறிக்கையை ஆராய்தல், வளர்ச்சித் திட்டத்தை ஏற்றல், நலத்திட்டங்களுக்கு உரியாரைத் தெரிதல் ஆகியன அதன் பணி. கணக்குக் காட்டாதவன் உறவினனையும் விலக்கிய மண்ணில், இன்று கணக்கைப் படிக்கச் சொல்லிக் கேட்பார் எத்துணையர்? வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டுவிட்டு வீடு திரும்புவோரே பலர். அக்கையொப்பம் வந்தமைக்கா, ஏற்றமைக்கா என்பதை எழுதுவோரன்றி இட்டவர் அறியார்.

மானூரார் 'அன்று' என்று ஓயாது கூறுவார்க்குத் தண்டம் விதித்தனர். இன்றைய மன்றங்களின் நோய் அதுவன்று; ஓயாமல் 'ஆம்' என்பதே இன்றைய நோய். படிக்காமல் ஆம், கேளாமல் ஆம், விளங்காமல் ஆம். மானூரார் இன்று இருப்பின், இவ் 'ஆம்' கூறுவார்க்கன்றோ பத்துக் காசு தண்டம் விதித்திருப்பர்! மறுப்பையே தொழிலாகக் கொள்வது குற்றமாயின், மறுக்கவேண்டிய இடத்தில் வாய்மூடி இருப்பது அதனினும் பெருங்குற்றம்.

விளங்கிக்கொண்டு 'அன்று' என்ற ஊர்களும் உள. இதே மாவட்டத்துப் பரந்தூரில் வானூர்தி நிலையம் அமைக்க, பதின்மூன்று சிற்றூர்களின் நிலத்தை எடுக்கும் திட்டம் 2022 ஆகத்தில் அறிவிக்கப்பட்டது. ஏகனாபுரத்து ஊரவை அவ்வாண்டு முதலே அதனை மறுத்துத் தீர்மானம் இயற்றியது. ஒருமுறையன்று, கூட்டந்தோறும் இயற்றியது. திட்டம் வேண்டும் என்பார்க்கும் வேண்டா என்பார்க்கும் அவரவர் கருத்து உண்டு. ஆனால், சட்டம் கூட்டிய அவையில், தம் ஊரைப் பற்றித் தம் மொழியில், உழவரும் உழத்தியரும் எழுந்து கூறிய சொல்லுக்கு என்ன மதிப்பு என்பதே வினா. அத்தீர்மானங்களுக்குப் பின்னும் திட்டம் நகர்ந்தது. ஊரவையின் சொல் ஏட்டில் நின்றது. நிலம் எடுக்கும் ஆணை நாட்டில் நடந்தது.

வேறு நிலத்தில் வேறு முடிவும் விளைந்ததுண்டு. ஒடிசா மாநிலத்து நியமகிரி மலையில் வாழும் தொங்கிரியா கொந்து மக்கள், தமிழோடு ஒரே குடும்பத்ததாகிய குவி மொழி பேசுவோர். அம்மலையில் அலுமினியக் கனிமம் தோண்டலாமா என்பதை ஊரவைகள் முடிவு செய்க என்று 2013 ஏப்பிரலில் உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டில் பன்னிரண்டு ஊரவைகள் கூடின. பன்னிரண்டும் மறுத்தன. 2014 சனவரியில் நடுவண் அரசு திட்டத்துக்கு ஒப்புதல் மறுத்தது. எழுத்தறியா மலைமக்களின் அவைச்சொல் மலையைக் காத்தது. அங்கே காட்டுரிமைச் சட்டம் அவர்களுக்குத் துணை நின்றது. சமவெளி ஊரவைக்கு அத்தகைய வலிமை சட்டத்தில் இல்லை. அவ்வலிமை வேண்டும் என்று கேட்பதும் தமிழ்த்தொண்டே.

அவையின் சொல் காக்க மட்டுமன்று, ஆக்கவும் வல்லது. 1920 ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி மன்றம், பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம்விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுணவு வழங்கத் தீர்மானித்தது. ஓரணாத் தீர்மானம்! அவ்வித்து காமராசர் காலத்தில் மாநிலம் தழுவிய மதிய உணவாயிற்று. 1982 இல் சத்துணவாயிற்று. 2022 இல் காலையுணவாயிற்று. ஒரு நகர மன்றின் மேசையில் பேசப்பட்ட ஒரு சிறு பொருள் ஒரு நாட்டின் பசியைத் தீர்த்த வரலாறு இது.

ஆக்கவும் காக்கவும் வல்ல மன்றம் இல்லாமற் போனால்? அதனையும் இம்மாவட்டம் கண்டது. 2016 அக்தோபரில் ஊராட்சிகளின் காலம் முடிந்தது. நடக்கவிருந்த தேர்தல் நின்றது. காஞ்சிபுரம் மாவட்டத்துச் சிற்றூர்களுக்கு மீண்டும் தேர்தல் வந்தது 2021 அக்தோபரில். ஐந்தாண்டுகள்! ஒரு மன்றத்தின் முழு வாழ்நாள் அளவு காலம் ஊர்களைத் தனி அலுவலர்களே ஆண்டனர். 360 நாளுக்கொரு முறை குடம் திறந்த மாவட்டத்தில் ஐந்தாண்டு குடம் திறக்கவில்லை. 2019 திசம்பரில் தேர்தல் கண்ட 27 மாவட்டங்களும் 2025 சனவரியில் அதே நிலைக்கு வந்தன. மன்றம் இல்லாத ஊரில் தமிழ் எங்கே ஒலிக்கும்? அலுவலர் மேசையில் கோப்பு மட்டுமே நகரும்.

ஆதலின், ஒரகடத்துப் பெருமக்களே, தமிழ் காக்கும் களம் மேடையில் மட்டும் இல்லை. ஊராட்சி அலுவலகத்தின் பாயிலும் இருக்கிறது. ஊரவை கூடும் ஆறு நாளும் செல்க. பொருள்நிரலைத் தமிழில், ஏழு நாள் முன்னரே, ஊர் அறியப் பலகையில் ஒட்டுமாறு கேட்க. விளங்காத அயற்சொல் வந்தால் எழுந்து, 'அதன் பொருள் என்ன?' என்று வினவுக. வினவியவரை எவரும் நகையாட விடாது காக்க. தீர்மானத்தை முழுதும் எழுதி, உரக்கப் படித்த பின்னரே கையொப்பமிடுக. ஓலையை உரக்கப் படித்த நடுவன் வழி அதுவே. கணக்கைக் கேட்க. பெண் உறுப்பினர் தாமே பேசுக. அவர் பேசும்போது பிறர் வாய் மூடுக. தொழிலகத்துக்குத் தடையின்மைச் சான்று வழங்குமுன், நீர் எங்கிருந்து எடுக்கப்படும், கழிவு எங்கே விடப்படும், ஊர்ப்பிள்ளைகளுக்கு எத்தனை வேலை என்னும் மூன்றையும் தமிழில் எழுதி வாங்குக.

வடபுலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து இவ்வூர்களில் தங்கியிருக்கும் தொழிலாளரும் உழைப்பாளரே. அவர்மேல் வெறுப்பு வேண்டா; யாதும் ஊராகக் கண்ட இனத்துக்கு அது அழகன்று. ஊரின் ஆளுகை மொழி ஊரின் மொழியாக இருக்கவேண்டும் என்பதே கோரிக்கை. அவர்தம் ஊரில் அவர்தம் மொழிக்கும் அவ்வுரிமை வேண்டும் என்பதும் தமிழரின் கொள்கையே.

உத்திரமேரூர்க் குடத்தில் ஓலை இல்லாதிருந்த மக்களின் வழிவந்தோர்க்கு இன்று வாக்கு உண்டு. அவையில் இடமும் உண்டு. இனி வேண்டுவது, அவ்விடத்தில் அமர்ந்து தாய்மொழியில் வினவும் நெஞ்சுரம் ஒன்றே. வடமொழி காத்த வாயிலை உடைத்து நுழைந்த இனம், ஆங்கிலம் காக்கும் வாயிலின் முன் கைகட்டி நிற்பதா?

ஊர்மன்றில் தமிழ் ஒலிக்க! ஊரார் கேட்க! ஊரே ஆள்க!

வெல்க தமிழ்!